பூங்காவில் ஒரு கூட்டு வாத்தியம்: வன்னியிலேயே செய்யலாம்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் சிறுவர் பூங்கா ஒன்று திறக்கப்பட்டால் உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஊஞ்சல், சறுக்கு, சீசோ, இரண்டு சீமெந்து இருக்கை. கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்று எந்தப் பிரதேச சபையானாலும், இவற்றோடு பலர் சேர்ந்து வாசிக்கும் வாத்தியம் ஒன்றையும் வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயும் ஒரு வெல்டிங் பட்டறையும் போதும். ஆனால் அளவு தவறினால் அது ஒரு வாரத்தில் குப்பைக்கூடையாகிவிடும் என்பதால், அளவுகளையும் வழக்கமாக வரும் பிழைகளையும் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் வடிவமைப்பில் நடக்கும் பெரிய தவறு. நீளமான சைலோபோன் ஒன்றைச் செய்து நாலு பேர் நிற்க இடம் விட்டால் அது கூட்டு வாத்தியம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. நாலு பேரும் தனித்தனியே நாலு பாட்டைத் தட்டுவார்கள். பலமாகத் தட்டுபவர் வெல்வார். மற்ற மூவரும் விலகிப் போவார்கள். ஒருவரால் மட்டும் பாட்டை முடிக்க முடியாதபடி சுரங்களைப் பிரித்து வைத்தால்தான் எதிரே நிற்பவர் தேவைப்படுவார். அதே நேரம், தனியே வந்தவர் தட்டினாலும் காதுக்கு நல்லதாக ஏதாவது கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாமவர் வரும்வரை அவர் காத்திருக்க மாட்டார். இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவருவதுதான் வேலை. மற்றதெல்லாம் வாளும் அரமும்.

எங்கள் ஊரில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோலாட்டத்தில் எதிராளி கோலை நீட்டாவிட்டால் அடி விழாது. வெளியே பார்த்தால் உகண்டாவின் புகண்டா மக்களிடம் அமடிண்டா என்றொரு மரவாத்தியம் இருக்கிறது. பன்னிரண்டு கட்டைகள், மூன்று பேர். இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் அடிக்கும் இடைவெளியில் மற்றவர் அடித்து ஒரே பாட்டைப் பின்னுவார்கள். மூன்றாமவருக்கு உச்சியில் உள்ள இரண்டு கட்டைகள் மட்டுமே. கீழே உள்ள இரண்டு சுரங்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று கேட்டு, அவற்றை மேலே திருப்பிச் சொல்வதுதான் அவர் வேலை. பாலித்தீவில் ரெயொங் என்ற பன்னிரண்டு சிறு குடமணி வரிசையை நாலு பேர் பங்கிட்டு வாசிக்கிறார்கள். இந்தோனேசியாவின் மூங்கில் வாத்தியமான அங்க்லுங்கில் ஒருவர் கையில் ஒரு சுரம்தான். அதை யுனெஸ்கோ 2010இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: முழுப் பாட்டும் ஒரே ஆளிடம் இல்லை.

எந்தச் சுரங்களை வைப்பது? மோகன இராகம் போதும்: ஸ ரி க ப த, மேலே இன்னொரு ஸ. இதில் எந்த இரண்டு சுரங்களுக்கும் இடையில் அரைச்சுர நெருக்கம், அதாவது ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் நெருக்கம், இல்லை. அதனால் தெரியாதவர் இரண்டு குழாயை ஒன்றாகத் தட்டினாலும் கடூரமாகக் கேட்காது. ஜெர்மனியில் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ப் சிறுவர்களுக்காக உருவாக்கிய கட்டை வாத்தியங்களில் ம, நி இரண்டையும் கழற்றி வைத்துத் தொடங்குவதும் இதே காரணத்துக்குத்தான். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ‘வெறும் மோகனம்தானா’ என்று தோன்றலாம். அதே குழாய்களில் ரி-யை ஆதார ஸட்ஜமாக எடுத்தால் மத்தியமாவதி. க-வை எடுத்தால் ஹிந்தோளம். ப-வை எடுத்தால் சுத்த சாவேரி. த-வை எடுத்தால் சுத்த தன்யாசி. இப்படி ஆதார சுரத்தை மாற்றி வேறு இராகம் காண்பதுதான் கிரக பேதம்; பாடசாலையில் அதைக் கற்பிக்க இதைவிட லேசான வழி இல்லை. முல்லைப் பண்ணை மோகனத்தோடு இணைத்துப் பேசும் ஆய்வாளர்களும் உண்டு. முல்லைத்தீவுக்காரருக்கு அது ஒரு மேலதிகச் சந்தோசம்.

இனிக் குழாய். இரண்டு முனையும் திறந்த குழாயின் வாயில் இறப்பர்த் தட்டையால் அடித்து எடுத்தால் உள்ளே இருக்கும் காற்று ஒலிக்கும். குழாயின் சுவர் அல்ல, காற்றுத்தான் ஒலிக்கிறது என்பதை மனதில் வைத்தால் பாதிப் பிழைகள் வராது. நீளத்துக்கான கணக்கு: காற்றில் ஒலியின் வேகத்தைச் சுரத்தின் அதிர்வெண்ணின் இரட்டிப்பால் வகுத்து, வரும் விடையிலிருந்து உள்விட்டத்தின் 0.6 மடங்கைக் கழிக்க வேண்டும். கழிப்பதற்குக் காரணம், அதிரும் காற்று முனையோடு நின்றுவிடாமல் இரண்டு பக்கமும் சற்று வெளியே நீண்டிருப்பது. 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர்.

63 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள நீர்க்குழாயை எடுங்கள். சுவர்த் தடிப்பு வகைக்கு வகை மாறும். ஆகவே உள்விட்டத்தைக் கடைக்காரர் சொல்லை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். உள்விட்டம் 58 மில்லிமீற்றர் என்றால் கழிக்க வேண்டியது 35 மில்லிமீற்றர். ஆதார ஸட்ஜத்தை 130.8 ஹேர்ட்ஸில் வைத்தால், ஆர்மோனியத்தில் தாழ்ந்த ஸ்தாயி ‘சி’ கட்டை அதுதான், நீளங்கள் மில்லிமீற்றரில் இவை: ஸ 1299, ரி 1154, க 1024, ப 855, த 758, மேல் ஸ 632. கூட்டினால் 5722. ஆறு மீற்றர்க் குழாய் ஒன்றை வாங்கினால் முழுத் தொகுதியும் அதற்குள் அடங்கி, வாள் தின்பதற்கும் பரிசோதனைக்கும் ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு மிஞ்சும். அதை எறிய வேண்டாம். வாயில் தட்டையால் அடித்துப் பழக அது உதவும்.

இன்னும் இரண்டு பேருக்கு மேல்ஸ்தாயித் தொகுதி ஒன்று செய்ய விரும்பினால், அதே குழாயில்: ஸ 632, ரி 559, க 494, ப 410, த 362, உச்ச ஸ 298. மொத்தம் 2755. ஆக, இரண்டாவது ஆறு மீற்றர்க் குழாயில் இப்படி இரண்டு தொகுதிகள் வெட்டலாம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு சென்ரிமீற்றர் கூட்டியே வெட்டுங்கள். நீண்ட ஸ குழாயில் ஒரு சென்ரிமீற்றரைக் குறைத்தால் அரைச்சுரத்தின் எட்டில் ஒரு பங்குதான் ஏறும். மேல் ஸ குழாயில் அதே ஒரு சென்ரிமீற்றர் நாலில் ஒரு பங்கு ஏற்றிவிடும். குட்டைக் குழாயில் அவசரப்படுபவர்கள் சுரத்தைத் தாண்டி வெட்டிவிடுவது இதனால்தான். அப்படி வெட்டுப்பட்டால் கீழ்முனையில் ஒரு சொக்கற்றைச் செருகி, வேண்டிய அளவு வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். வெட்டு முகம் சதுரமாக இருக்க வேண்டும். சரிந்த வாயில் தட்டை முழுதாகப் படியாது, காற்றுக் கசிந்து ஒலி இளைத்துவிடும். குழாயைச் சுற்றிக் கடதாசி ஒன்றை இறுக்கிச் சுற்றி, அதன் விளிம்பு வழியே கோடு போட்டு, குழாயைத் திருப்பித் திருப்பி வெட்டினால் சரியாக வரும். பிறகு மண்கடதாசியால் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் மழுக்குங்கள்.

சுருதி பார்க்கத் தொலைபேசிச் செயலி போதும். ஆனால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றர் கூடும். காலை 24 பாகைக்கும் நடுப்பகல் 34 பாகைக்கும் இடையில் குழாயின் சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். குழாய்கள் எல்லாம் சேர்ந்தே ஏறுவதால் தங்களுக்குள் அவை பிசகாது. ஆனால் பாதிக் குழாய்களைக் காலையிலும் மீதியை மத்தியானத்திலும் சுருதி சேர்த்தால் வாத்தியம் நிரந்தரமாகப் பிசகிவிடும். எல்லாவற்றையும் ஒரே இருப்பில், நிழலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். குழாயையும் மரக்கட்டையையும் ஒரே சட்டத்தில் கலக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்: வெயிலில் குழாய் ஏறும், மரம் ஏறாது.

அடிக்கும் தட்டை பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பல நாடுகளில் இந்த வாத்தியத்தைச் செருப்பால்தான் அடிக்கிறார்கள். ஒலிக்கு அது பொருத்தமானதுதான்: வளையும், துள்ளும், வாயை முழுதாக மூடும். ஆனால் எங்கள் ஊரில் வாணி விழாவுக்கு வாத்தியத்தைப் பூசையில் வைப்பவர்கள் செருப்பால் ஒரு வாத்தியத்தை அடிக்க வரமாட்டார்கள். வந்த பிள்ளையையும் அம்மம்மா இழுத்துக்கொண்டு போய்விடுவா. அந்தத் தயக்கத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட்டு, பெரியவர்கள் ஏன் வாசிக்கவில்லை என்று பிறகு யோசிப்பதில் பயன் இல்லை. புதிதாக வாங்கிய இறப்பர் நுரைத்தகட்டில், 12 முதல் 15 மில்லிமீற்றர்த் தடிப்பில், 10 சென்ரிமீற்றர்ச் சதுரமாக வெட்டி, ஒரு கையகலப் பிடி விட்டு, பிடியை மட்டும் துணியால் சுற்றினால் தட்டை தயார். பின்னால் பலகை ஒட்டக்கூடாது; விறைத்த தட்டை ‘டப்’ என்று அடிக்கும், சுரம் வராது. மிக மெல்லிய நுரை வாயை மூடாமலே மடங்கிவிடும்.

அடித்தவுடன் கையை எடுக்க வேண்டும். தட்டையை வாயிலேயே அழுத்தி வைத்தால் குழாய் ஒருமுனை மூடியதாகி, ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கி மழுங்கிவிடும். புதியவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இது. சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை; பக்கத்தில் சரியாக அடிப்பவரைப் பார்த்தே திருந்திவிடுவார்கள். எதிரெதிரே நிற்க வைப்பதில் உள்ள நன்மைகளில் இதுவும் ஒன்று.

சட்டத்தை இப்படி அமைக்கலாம். மேசை போன்ற ஒரு இரும்புச் சட்டம், அகலம் ஒன்றரை மீற்றர். ஒரு பக்கம் நிற்பவருக்கு ஸ, க, த. எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு ரி, ப, மேல் ஸ. குழாய்களின் வாய்கள் அவரவர் பக்கத்தில் நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு குழாயும் எதிர்ப்பக்கத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். ஸ, ரி, க, ப, த, ஸ என்ற ஒழுங்கில் ஒன்றுவிட்டு ஒன்று மாறிமாறி, நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 12 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்தால், ஒரு ஆளின் மூன்று வாய்களும் 55 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். கையை நீட்டி எட்ட வேண்டியதில்லை. குழாயின் இரண்டு முனையிலிருந்தும் ஒலி வரும். ஆகவே நான் அடிக்கும் சுரம் என் வாயிலும் கேட்கும், எதிராளியின் காலடியிலும் கேட்கும். அவர் அடிப்பதும் அப்படியே. இந்தச் சாய்வுக்கு முக்கிய காரணம் அதுதான்.

கீழ்முனை நிலத்திலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். நிலம் அண்டினால் முனை பாதி மூடியதுபோல் ஆகிச் சுருதி இறங்கும். மழைக்குப் பிறகு மண் சேர்ந்து ஒரு குழாய் மட்டும் இறங்கிக் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

ஒன்றரை மீற்றர் அகலம் வீணானதல்ல. நீண்ட குழாய்கள் சாய்வில் எதிர்ப்பக்கத்தை அண்டி வந்துவிடும். அகலத்தைக் குறைத்தால் சக்கர நாற்காலியில் வருபவரின் கால்தட்டு குழாயில் இடிக்கும். வன்னியில் காலை இழந்தவர்கள், கையை இழந்தவர்கள், பார்வை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று வன்னி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலிக்கு ஸ, க, த பக்கம்தான் வசதி, ஏனென்றால் அந்தப் பக்கம் வந்து முடியும் குழாய்கள் குட்டையானவை. அந்தப் பக்கம் முழங்கால் மட்டத்திலும் கால் மட்டத்திலும் குறுக்குக் கம்பி வைக்கக் கூடாது. பலத்துக்குத் தேவையான குறுக்குக் கம்பிகளை நடுவில் வையுங்கள். ஆளுக்கு மூன்று வாய்கள் மட்டும் என்பதால் ஒரு கையால் வாசிக்கலாம். பார்வையற்றவருக்காக ஒவ்வொரு வாயின் மேல்விளிம்பிலும் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு வெட்டிவிட்டால் போதும். விளிம்பில் ஒரு மில்லிமீற்றர் ஆழக் கோடு சுருதியைக் கெடுக்காது.

சட்டத்துக்கு நாகம் பூசிய இரும்புக் குழாய் போதும். மரக்கால் வைத்தால் இரண்டு மாரி தாங்காது, கறையான் முடித்துவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று என்பதால் ஆணி, நட் எல்லாம் துருவேறா உருக்கில் இருப்பது நல்லது. கால்களை 45 சென்ரிமீற்றர் ஆழக் குழியில் கொங்கிறீற்றோடு நிறுத்துங்கள். வெல்டிங் செய்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும்; அந்த இடங்களுக்குத் துருத்தடுப்புப் பூச்சு கட்டாயம். குழாயைச் சட்டத்தோடு பிடிக்கும் வளையத்துக்குள் பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினால் கடகடச் சத்தம் வராது. ஒவ்வொரு குழாயையும் இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் வெயிலில் பிவிசி வளைந்துபோகும். வெயில் பிவிசியை நொறுங்கும் பதத்துக்கும் கொண்டுவரும் என்பதால் வெளிறிய நிறப் பெயின்ற் இரண்டு பூச்சு அடியுங்கள். ஒரு பக்கத்துக் குழாய்களுக்கு மஞ்சள், மறுபக்கத்துக்கு வெளிர்நீலம் என்றால் யாருக்கு எது என்று எழுதி ஒட்டத் தேவையில்லை.

கீழ்முனைகளுக்குக் கண் பெரிய கம்பிவலை பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே பாம்பு புகும். வலை காற்றைத் தடுக்காது, ஆகவே சுருதி மாறாது. ஆனால் வலையில் சருகு அடைத்தால் மாறும். இரண்டு முனையும் திறந்து சரிந்திருப்பதால் தண்ணீர் தேங்காது, நுளம்புக்கு இடமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் இதைச் சொல்லலாம்.

மூன்றாவது ஆளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. புகண்டாக்காரரின் வழியைப் பின்பற்றி, மேசையின் தலைப்பக்கத்தில் மேல்ஸ்தாயி ஸ, ரி என்ற இரண்டு குழாய்கள், நீளம் 632உம் 559உம். அங்கே நிற்பவர் கீழ் ஸ, ரி கேட்கும்போதெல்லாம் மேலே பதில் சொல்வார். வெட்கப்படுபவர், நாலு வயசுப் பிள்ளை, ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று தள்ளி நிற்கும் பெரியப்பா போன்றவர்களுக்கு உரிய இடம் இது. கேட்கத் தெரிந்தால் போதும், பாட்டு தெரிய வேண்டியதில்லை.

எப்படித் தொடங்குவது? எட்டு அடிகள். முதல் பக்கத்தவர் 1, 3, 5, 7இல்: ஸ, க, த, க. மறுபக்கத்தவர் 2, 4, 6, 8இல்: ரி, ப, மேல் ஸ, ப. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஸ ரி க ப த ஸ க ப என்று ஒரே ஓட்டமாக வரும். யாரிடமும் அந்த ஓட்டம் முழுதாக இல்லை. வாயால் சொல்லிப் பழகுவதென்றால் தகதிமியைப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் பக்கம் ‘த, தி’, மறுபக்கம் ‘க, மி’. வழக்கமாக வரும் சிக்கல், பத்துப் பதினைந்து சுற்றுக்குள் மறுபக்கத்தவர் வழுக்கி முதல் பக்கத்தவரோடு ஒன்றாக அடிக்கத் தொடங்குவது. ‘இடையில் அடி, இடையில் அடி’ என்று கத்துவதால் பயனில்லை. மறுபக்கத்தவர் தன் அடியையே தாளமாக எடுத்துக்கொண்டு, மற்றவர்தான் இடையில் அடிக்கிறார் என்று நினைத்தால் வழுக்காது. கும்மியின் மூன்றடி நடைக்குப் போனால் பிடித்துக்கொள்வது இன்னும் லேசு, ஏனென்றால் முதல் சுற்றில் ஒற்றை அடிகள் ஒருவருக்கு வந்தால் அடுத்த சுற்றில் அவை மற்றவருக்கு மாறும். இருவரும் விழித்திருந்தே ஆக வேண்டும்.

இந்த மாதிரியை மேசையில் புள்ளிகளாகப் பெயின்றில் போடலாம். விளக்கப் பலகை என்று நீளமாக எழுதி வைக்க வேண்டாம். நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். திறந்து வைத்தவரின் பெயரை எழுத மட்டும்தான் அந்த இடம் பயன்படும்.

இரண்டு, மூன்று மேசைகள் வைப்பதென்றால் நெருக்கமாக வையுங்கள். பத்து மீற்றரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ செக்கனில் நூற்றில் மூன்று பங்கு நேரம் வேண்டும். அந்த அளவு பிந்தினாலே ஒருவர் மற்றவருக்காகக் காத்து, தாளம் இழுபட்டுக்கொண்டே போகும். மேசைக்கு மேசை நாலைந்து மீற்றருக்கு மேல் வேண்டாம். ஏ9 வீதியோரம் பொருத்தமில்லை. இந்தக் குழாய்களின் மெல்லிய ஒலியை லொறிச் சத்தம் விழுங்கிவிடும். அதே மெல்லிய ஒலி தூரம் போகாது என்பதால் அயல்வீட்டார் முறைப்பாடு செய்ய இடமும் குறைவு. இரும்புக் குழாய் மணிகளைத் தொங்கவிட்டால் அப்படியல்ல. அவை நாலு வளவு தாண்டியும் கணீரென்று கேட்கும். பூங்காவுக்கு மணி வேண்டாம் என்பதே எங்கள் தெரிவு. நிழல் மரம், அதன் கீழே ஆட்கள் கை சும்மா இருந்து காத்திருக்கும் இடம், அதாவது பஸ் தரிப்பிடத்தை அண்டியது, சந்தைக்குப் பக்கத்தில் உள்ளது, வகுப்பு விடும் நேரம் பெற்றோர் நிற்கும் வாசல், இவைதான் நல்ல இடங்கள்.

பழைய இரும்பைத் தட்டி ஒலி தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்டெடுத்த உலோகம் எதையும், வெறும் கோது போலத் தெரிந்தாலும், தொடவோ தட்டவோ கூடாது. இராணுவத்துக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவிக்க வேண்டும். எரிவாயு சிலிண்டரை வெட்டி மேளம் செய்யும் காணொளிகளைப் பார்த்து அதே வேலையில் இறங்கவும் வேண்டாம். வெறுமையானது என்று நினைக்கும் சிலிண்டரிலும் வாயு மிஞ்சியிருக்கும், வெட்டும்போது வெடிக்கும்.

மரத்தில்தான் செய்வோம் என்பவர்களுக்கும் வழி உண்டு. கொலம்பியாவின் பசுபிக் கரையோரத்தில் மரிம்பா என்ற கட்டை வாத்தியத்தின் கட்டைகளைச் சொந்தா என்ற பனையினத்தின் வயிரத்தில் செய்கிறார்கள். அந்த மரிம்பாவையும் இருவர் பங்கிட்டு வாசிப்பதே வழக்கம். எங்களிடம் பனை இருக்கிறது. பச்சை மரம் தறிக்கத் தேவையில்லை. பழைய வீடு பிரிக்கும்போது கழற்றும் பனஞ்சிலாகைகள் நன்றாகக் காய்ந்தவை. கருவயிரப் பக்கத்தை மட்டும் எடுத்து, ஆணி இருக்கிறதா என்று பார்த்து, சிராய் ஏறாதபடி நன்றாக இழைக்க வேண்டும். முதிரைத் துண்டு தச்சுப்பட்டறையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே தடிப்பில் 60 சென்ரிமீற்றர்க் கட்டை ஸ என்றால், ரி 56.6, க 53.5, ப 49, த 46.3, மேல் ஸ 42.4. கட்டையின் நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி அல்ல, இரண்டு ஸ்தாயி ஏறும். குழாய்க் கணக்கை இங்கே கொண்டுவந்தால் எல்லாம் பிழைக்கும். கட்டை தங்க வேண்டிய இடம் ஒவ்வொரு முனையிலிருந்தும் அதன் நீளத்தின் 22.4 சதவீதத்தில்: 60 சென்ரிமீற்றர்க் கட்டைக்கு 13.4இல், 42.4க்கு 9.5இல். அந்த இடம் அதிர்வதில்லை. வேறெங்கு தாங்கினாலும் ஒலி செத்துவிடும். முனையைச் சீவினால் சுருதி ஏறும், அடிப்பக்கத்தில் நடுவைச் சீவினால் இறங்கும்.

செலவில்லாமல் பரிசோதிக்க விரும்பும் பாடசாலைகள் இரண்டு வாழைக்குற்றிகளை நிலத்தில் கிடத்தி, கட்டைகளை அதன் மேல் வைத்து, கட்டைக்குக் கட்டை நடுவே ஈர்க்குக் கட்டாக அல்லாமல் விரல் தடிப்புள்ள குச்சியைக் குற்றியில் செருகி நிறுத்தலாம். புகண்டாவிலும் வாழைக்குற்றிதான். விளையாட்டுப் போட்டி, கலைவிழா என்று ஒரு நாளைக்கு இது நன்றாகத் தாங்கும். ஆனால் மரக்கட்டையைப் பூங்காவில் நிரந்தரமாக வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்துப் பாரமாகி ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு அளவில் இறங்கும், பிறகு சித்திரை வெயிலில் வெடிக்கும்.

இலத்திரனியல் பற்றியும் கேட்பார்கள். பார்சலோனாவில் உருவான ரியாக்டேபிள் போன்ற, பலர் சுற்றி நின்று தொட்டு வாசிக்கும் மேசைகள் அருமையானவைதான். மின்சாரமும் கூரையும் காவலும் உள்ள மண்டபத்துக்கு அவை பொருந்தும். புழுதியும் மாரியும் உள்ள திறந்த பூங்காவுக்கு அல்ல.

மரபு வாத்தியங்கள் இருக்க இது எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மேளமும் நாதஸ்வரமும் பறையும் உடுக்கும் கூத்து மத்தளமும் யாருக்கும் இளைத்தவை அல்ல. ஆனால் எதை யார் கையில் எடுப்பது, எதை யார் தொடக்கூடாது என்று ஊரில் எழுதாத சட்டம் இன்னும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் என்று வந்தால் அந்தச் சட்டம் இன்னும் இறுகும். பிவிசி குழாய்க்குச் சாதியும் இல்லை, குலத்தொழிலும் இல்லை. எவருக்கும் அது புதிது, ஆகவே எவருக்கும் அதில் முதல் உரிமை இல்லை. கற்றவரும் கல்லாதவரும் ஒரே மேசையில் நிற்க இந்தப் புதுமை உதவும். அதற்காகவே, திறப்பு விழாவில் வித்துவான்களை வைத்துக் கச்சேரி நடத்தி அதைக் கெடுத்துவிட வேண்டாம். முதல் நாளே ‘இப்படித்தான் வாசிக்க வேண்டும்’ என்று பார்த்துவிட்டால் மற்றவர் கை வராது.

பராமரிப்பு. தட்டைகள்தான் முதலில் காணாமல் போகும், அல்லது கிழியும். கயிற்றில் கட்டுவதென்றால் கயிறு பிள்ளையின் கழுத்தைச் சுற்ற முடியாத அளவு குட்டையாக இருக்க வேண்டும். 20 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். அந்த நீளத்தில் மூன்று வாய்க்கும் ஒரு தட்டை எட்டாது, ஆகவே வாய்க்கு ஒன்று கட்டுங்கள். தட்டைகளை அலுவலகத்தில் பூட்டி வைத்துக் கேட்டால் கொடுப்பது என்ற ஏற்பாடு வேண்டாம். யாரும் போய்க் கேட்க மாட்டார்கள். ஆறு வாய்க்குப் பதினெட்டுத் தட்டையாக ஒரேயடியாக வெட்டி வைத்தால், காவலாளி கிழிந்ததைத் தானே மாற்றிக்கொள்வார். கயிறு மீன்பிடி நைலோனாக இருக்கட்டும். சணல் ஒரு மாரியில் உக்கிவிடும். மாரிக்கு முன் ஒருமுறை, மாரிக்குப் பின் ஒருமுறை வளையங்களை இறுக்கி, வலைகளைத் தட்டி, கீழ்முனைக்கும் நிலத்துக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

இதைச் செய்ய முன்வரும் சபை எதுவானாலும் கேள்வி மனு கோரும் ஆவணத்தில் குழாய் நீளங்களையும் வாயின் உயரத்தையும் மில்லிமீற்றரில் எழுதிவிடட்டும். ‘இசை உபகரணம் 1’ என்று மட்டும் எழுதினால், அழகாக நிறம் பூசிய, எந்தச் சுரத்திலும் இல்லாத ஆறு குழாய்கள்தான் வந்து சேரும்.

இப்படிக்கு,
வாத்தியம் செய்வோரும் இசை கற்பிப்போரும் சிலர்,
கிளிநொச்சி.